மரத்தைப் பாத்து வச்ச படம்

கரி போதும், இனிமே போடாதீங்க. கோழி இறக்கையெல்லாம் தின்னு முடிச்சாச்சு. ராஜீவ், அந்த ஃபோனைக் கவுத்து வை, வெளிச்சம் கண்ணுல அடிக்குது. ஷபானா, பயந்தா உள்ள போய்ப் படுத்துக்க. பாதியில நிறுத்தச் சொல்லக் கூடாது... அப்புறம் என்னைத் திட்டவும் கூடாது. கடற்கரையில சாலே வாடகைக்கு எடுத்தாச்சு, கடல் சத்தம் கேக்குது, ஒரு பேய்க் கதை சொல்லுன்னு கேட்டது நீங்கதான். எனக்கும் இதை இன்னிக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா தூக்கம் வராது.

இது நான் கட்டின கதை இல்ல. நம்ம கபிலனோட தாய்மாமாவுக்கு நடந்தது. ரத்னவேல் மாமா. கபிலனோட இருபத்தொண்ணாவது பிறந்தநாள்ல பிரியாணி அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டு, வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல எல்லாருக்கும் அள்ளி வச்சாரே... அவர்தான். நல்ல மனுஷன். அதை முதல்லயே சொல்லிடறேன்.

மணி ராத்திரி ஒண்ணு. துவாஸ் பக்கம் ஒரு உள்ரோடு. அந்த நேரத்துல அங்க ஆள் நடமாட்டமே இருக்காது... ரெண்டு பக்கமும் ஃபேக்டரி வேலி, நடுவுல மஞ்சள் விளக்கு, எப்பவாவது ஒரு கண்டெய்னர் லாரி. மாமா ஷிப்யார்டுல பெயிண்டிங் சூப்பர்வைசர். கப்பலோட அடிவயித்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அன்னிக்கு ஓவர்டைம் முடிச்சு, பூன் லே வீட்டுக்கு மோட்டார் சைக்கிள்ல வந்துட்டிருக்காரு. மழை நசநசன்னு தூறுது.

மனசு முழுக்க ஒரே கவலை. விடிஞ்சா மக இனியாவுக்குப் பிறந்தநாள். ஏழு வயசு. ட்ராகன், இறக்கை வச்ச குதிரைன்னா உயிரை விடும் அந்தப் பிள்ளை. ஏதாவது வாங்கித் தரேன்னு சொல்லிட்டு, வேலை மும்முரத்துல சுத்தமா மறந்துட்டாரு. கடையெல்லாம் சாத்தியாச்சு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் பிறந்த ஒரே பொண்ணு... அது முகம் சுருங்கினா மாமாவால தாங்க முடியாது. அவரோட பலவீனமே அதுதான்.

வழியில ஒரு ஆலமரம். உங்களுக்கே தெரியும், நம்ம ஆளுங்க பழைய சாமி படத்தைக் குப்பையில போட மாட்டோம். வீடு மாத்தும்போதோ, கண்ணாடி உடைஞ்சு போனாலோ, கொண்டு போய் ஒரு மரத்தடியில வச்சிட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடுவோம். சீனவங்களும் அப்படித்தான். அந்த மரத்தடியிலயும் நிறைய இருந்துச்சு... தும்பிக்கை உடைஞ்ச பிள்ளையார், கேலண்டர் முருகன், செவப்புச் சட்டை போட்ட சீனச் சாமி. எல்லாம் ரோட்டைப் பாத்து உக்காந்திருக்கு.

ஒண்ணு மட்டும் மரத்தைப் பாத்து இருந்துச்சு.

கேரம் போர்டு அளவு. முதுகுப் பக்கம் மட்டும்தான் தெரியுது. மாமா வண்டியை நிறுத்தினாரு. எதுக்கு நிறுத்தினோம்னு இன்னிக்கும் அவருக்குத் தெரியாதாம். சாக்கடைக்குள்ள தவளைங்க கத்திட்டிருந்துச்சு. அவர் இறங்கி ரெண்டு எட்டு வச்சதும்... எல்லாம் ஒண்ணா நின்னுருச்சு. ஃபோன் டார்ச்சை அடிச்சு, படத்தைத் திருப்பினாரு.

சாமி படம் இல்ல. அதான் எடுத்தாரு. சாமி படமா இருந்தா மாமா விரலால கூடத் தொட்டிருக்க மாட்டாரு.

அது ஒரு பெரிய சண்டை. யாரோ கையால வரைஞ்ச ஆயில் பெயிண்டிங். நடுவுல ஒரு கல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் படை... இறக்கை வச்ச குதிரைங்க, தங்கக் கவசம், ஈட்டி. முன்னாடி அதோட தலைவன். வெள்ளைச் சிறகு, வெண்ணெய் மாதிரி முகம், மூடின வாயில லேசா ஒரு சிரிப்பு. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒருத்தன். கன்னங்கரேல்னு. கோரைப்பல், ரத்தக் கண்ணு, விரிஞ்சு கிடக்கிற முடி, கையில நீளமா ஒரு அரிவா. அவனுக்குப் பின்னால சின்னச் சின்ன வீடுங்க, ஜன்னல்ல விளக்கு வெளிச்சம். ஈட்டியும் அரிவாளும் இன்னும் மோதல, மோதப் போற அந்த நிமிஷம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் சண்டைன்னு பாத்த உடனே தெரியும். எது எதுன்னும் தெரியும்னுதான் மாமா நெனச்சாரு.

அவ்வளவு தூறல்லயும் படம் காஞ்சு கிடந்துச்சு. ஒரு சொட்டு ஈரம் இல்ல. மாமா அதை அதிர்ஷ்டம்னு எடுத்துக்கிட்டாரு. பின்சீட்டுல ரப்பர் கயித்தால இறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாரு.

"எங்க வாங்கினீங்க?"ன்னு ரஞ்சிதம் அத்தை கேட்டாங்க. சைனாடவுன்ல ஒரு கடையிலன்னு மாமா ஒரு பொய்யைச் சொன்னாரு. இனியா படத்தைப் பாத்துட்டு சோஃபா மேல ஏறிக் குதிச்சுது. ஹால்ல, வாசக்கதவுக்கு நேரெதிர்ல மாட்டினாங்க.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை சாமி படங்களைத் தொடச்சு, ஒவ்வொண்ணுக்கா சந்தனம் குங்குமம் வச்சிட்டே வந்தாங்க. இந்தப் படத்துக்கு முன்னாலயும் நின்னாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் அந்தக் கருப்பன் நெத்தியில சந்தனத்தைத் தடவி, மேல ஒரு குங்குமப் பொட்டு வச்சாங்க. சாம்பிராணியையும் ஒரு சுத்து காட்டினாங்க.

மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அடியே, அவன் வில்லன்டி."

"நம்ம காவல் தெய்வமெல்லாம் எப்படிங்க இருக்கும்? பவுடர் பூசிக்கிட்டா நிக்கும்?"ன்னாங்க அத்தை. அதோட பேச்சு முடிஞ்சுது.

கொஞ்ச நாள் ஒரு தொந்தரவும் இல்ல. வீடு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு விஷயம்... ராத்திரி ஆனா வாசப்பக்கம் சுருட்டு வாசனை வரும். திருட்டுத்தனமா பிடிக்கிறீங்களான்னு அத்தை மாமாவைப் பிடிச்சுத் திட்டுவாங்க. மாமா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாரு. கடைசியில பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா மேல பழியைப் போட்டு ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க. அவர் பாவம், ஆஸ்துமாக்காரர்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. இனியாவோட ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் விளையாட வந்தாங்க. படத்தைப் பாத்தாங்க, பொட்டைப் பாத்தாங்க, ஒரே சிரிப்பு. உங்க வீட்ல மான்ஸ்டரைக் கும்பிடுவீங்களான்னு ஒரு பிள்ளை கேட்டுருச்சு. அவங்கள்லாம் போனப்புறம் இனியா தரையில உக்காந்து அழுதுட்டிருந்துச்சு. "அப்பா, ஒயிட்தான் குட் கை லா. எல்லா கேம்லயும் அப்படித்தான். அம்மா தப்பா வச்சிட்டாங்க. எடுத்துருங்கப்பா."

அவ்வளவுதான். மாமா எழுந்துட்டாரு. அத்தை தேக்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருந்த நேரம். ஈரத் துணியால தொடச்சாரு. போகல. வாராவாரம் வச்ச பொட்டு, சந்தனமும் குங்குமமும் சேந்து கறை பிடிச்சிருந்துச்சு. வேற யாரா இருந்தாலும் போனாப் போகுதுன்னு விட்டிருப்பாங்க. இவர் பெயிண்ட் வேலைக்காரர். எந்தக் கறைக்கும் இவர்கிட்ட ஒரே மருந்து... தின்னர். வேலைப் பையில எப்பவும் ஒரு பாட்டில் கிடக்கும். துணியில கொஞ்சம் ஊத்தி, அழுத்தித் தேய்ச்சாரு.

பொட்டு போச்சு. கூடவே கண்ணும் போச்சு.

துணியில செவப்பும் கருப்புமா வந்துச்சு. கோரைப்பல் அப்படியே இருக்கு, மூக்கு இருக்கு, அரிவா இருக்கு. கண்ணு இருந்த இடத்துல மட்டும் வெளுத்துப் போன வெறும் கேன்வாஸ். மாமாவுக்கு உசிரோட இருக்கிற ஆளோட கண்ணைத் தேய்ச்சு எடுத்த மாதிரி விரலெல்லாம் கூசுச்சாம். ஆனா அதுக்குள்ள பிள்ளை குங்குமச் சிமிழைத் தூக்கிட்டு வந்து நிக்குது, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. தூக்கச் சொல்லுச்சு. தூக்கினாரு. அந்த வெள்ளைச் சிறகுக்காரன் நெத்தியில இனியா தன் கையாலயே பொட்டு வச்சுச்சு.

அத்தை வந்து பாத்துட்டு ரெண்டு நாள் மாமாவோட பேசல. அப்புறம் பிள்ளை ஆசைதானேன்னு அவங்களும் விட்டுட்டாங்க. பொட்டை மாத்தின அன்னிக்கு ராத்திரியிலேருந்தே சுருட்டு வாசனை நின்னுருச்சு. அதுக்குப் பதிலா ஹால்ல வேற ஒரு வாசனை... பச்சைக் குழந்தைக்குப் போடற பவுடர் வாசனை. அந்த வீட்ல அப்ப யாரும் பவுடர் போடல.

இனியா ஸ்கூல் விட்டு வந்ததும் படத்துக்கு முன்னால உக்காந்து பேச ஆரம்பிச்சுது. டீச்சர் திட்டினது, பக்கத்துப் பிள்ளை ரப்பரை எடுத்துக்கிட்டது, கேன்டீன்ல என்ன சாப்பிட்டதுன்னு ஒண்ணு விடாம. எல்லாப் பிள்ளையும் பொம்மையோட பேசும்தானே, யாரும் பெருசா எடுத்துக்கல. கொஞ்ச நாள்ல தொண்டை கட்டுச்சு. இஞ்சி தட்டித் தேன் கலந்து குடுத்தாங்க. பாலிகிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தொண்டையில ஒண்ணுமே இல்லன்னுட்டாரு டாக்டர். ஆனா குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ஞ்சுக்கிட்டே வருது... யாரோ ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருகிக் குறைக்கிற மாதிரி. குளிக்கும்போது பாத்ரூமே அதிர்ற மாதிரி பாடற பிள்ளை அது. இப்ப தண்ணி விழற சத்தம் மட்டும்தான் கேக்குது.

அப்பவும் படத்துக்கிட்ட பேசறதை விடல. கிசுகிசுன்னு பேசும். மாமா ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கேட்டாரு. "தொண்டை வலிக்கும்மா. கொஞ்ச நாள் பேசாம இரேன்."

இனியா அவர் காதுக்கிட்ட வாயை வச்சு சொல்லுச்சு. "அவர் இன்னும் கொஞ்சம் பேசச் சொல்றாருப்பா. கொஞ்சம்தான் பாக்கியாம்."

மாமா சட்டுன்னு நிமிர்ந்து படத்தைப் பாத்தாரு. இத்தனை நாளா மாட்டி வச்சிருக்கோமே ஒழிய, சரியாப் பாக்கலையேன்னு அப்பதான் உறைச்சுதாம். வெள்ளைப் படை பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்துச்சு. கருப்பன் யாருமே இல்லாத திசையைப் பாத்து அரிவாளை ஓங்கிட்டு நிக்கிறான். அவனுக்குப் பின்னால வீடுங்கள்ல வெளிச்சம் இல்ல... ஒரே ஒரு ஜன்னல்ல தவிர. அந்தத் தலைவன் வாய்... மூடின வாய்னு சொன்னேன்ல... திறந்திருந்துச்சு. உள்ள வரிசையா, குட்டிக் குட்டியா, பால் பல்லு.

மாமா பிள்ளையை வாரித் தூக்கிட்டு அடுப்படிக்கு ஓடினாரு. அத்தைகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டாரு. சைனாடவுன் கடை பொய், ஆலமரம், எல்லாப் படமும் ரோட்டைப் பாத்திருக்க அது ஒண்ணு மட்டும் மரத்தைப் பாத்து இருந்தது, எல்லாம். அத்தை கத்தல. அடுப்பை அணைச்சாங்க. "படத்துல வீட்டுக்கு முதுகைக் காட்டி நிக்கிறவன் யாருங்க? அந்த வீட்டைக் காக்கிறவன். அவன் கண்ணைப் போய் அழிச்சிட்டு வந்து நிக்கிறீங்களே"ன்னாங்க. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்துருச்சு அவங்களுக்கு.

மாத்துத் துணி கூட எடுக்கல. டாக்ஸி பிடிச்சு இனியாவைக் கூட்டிட்டு நேரா யீஷுன்ல மாமாவோட அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. அதாவது கபிலன் வீட்டுக்கு. கதவைத் திறந்து விட்டதே கபிலன்தான். பிள்ளை அவனைப் பாத்து வாயசைச்சுதாம், மூச்சு மாதிரி ஏதோ வந்துச்சு, என்ன சொல்லுச்சுன்னே அவனுக்கு விளங்கல.

மாமா படத்தை மறுபடியும் வண்டியில கட்டிக்கிட்டு அந்த மரத்தடிக்குப் போனாரு. எடுத்த இடத்துல, எடுத்த மாதிரியே வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்கன்னு அத்தை சொல்லி அனுப்பியிருந்தாங்க. நம்ம மாமா கேப்பாரா? வைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒரு தடவை பாத்துட்டாரு.

பாலம் காலி. குதிரை இல்ல, படை இல்ல, சிறகுக்காரன் இல்ல. கருப்பனும் இல்ல. வீட்டுக் கதவெல்லாம் ஆஆன்னு திறந்து கிடக்கு.

உடனே அத்தைக்கு ஃபோன் போட்டாரு. "என் மடியிலதான் தூங்குறா"ன்னாங்க. அப்பதான் அவருக்கு மூச்சே வந்துச்சு. சனியன் விட்டுது, எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சாரு. போனது எங்க போச்சுன்னு யோசிக்கல பாருங்க. படத்தை மரத்தைப் பாத்து வச்சிட்டு, குளிச்சு, பிள்ளைக்கு மாத்துத் துணி எடுத்துக்கிட்டு யீஷுன் போகலாம்னு பூன் லே வீட்டுக்கு வந்தாரு.

லிஃப்ட் கதவு திறந்துச்சு. காரிடார் விளக்கு எரியுது. யாரும் இல்ல. ஆனா வாசனை வருது... சுருட்டு வாசனை. அதோட கலந்து தின்னர்.

அப்புறம் அந்தச் சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... இரும்பைச் சிமெண்டுத் தரையில இழுக்கிற சத்தம். ஷிப்யார்டுக்காரருக்கு அந்தச் சத்தம் தெரியாதா. அவர் வீட்டு வாசல்லதான். கொஞ்ச தூரம் இந்தப் பக்கம்... நிக்குது... மறுபடி அந்தப் பக்கம். யாரோ காவலுக்கு நடக்கிறாங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

மாமா ஒரு அடி எடுத்து வச்சாரு. பூட்ஸ் லேசாக் கிறீச்சுன்னுச்சு. சர்ர்ர் சத்தம் நின்னு போச்சு. அடுத்து கேட்டப்ப... அவரைப் பாத்து வருது. அவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னா, அதுவும் நிக்குது. அப்பதான் அவருக்குப் புரிஞ்சுது. அதுக்குக் கண்ணு இல்ல. காதை வச்சுத்தான் தேடுது. கண்ணை எடுத்தது இவரேதான்.

சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டாரு. ஹெல்மெட்டை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்காரு. அந்த நேரம் பாத்து, பூட்டின வீட்டுக்குள்ளேருந்து...

"அப்பா... கதவைத் திறங்கப்பா."

இனியா குரல். தேய்ஞ்சு போன குரல் இல்ல. பழைய குரல்... கணீர்னு, பாத்ரூம்ல பாடற குரல். பிள்ளை யீஷுன்ல அம்மா மடியில தூங்குதுன்னு அவருக்குத் தெரியும். இப்பதான் பேசினாரு. உள்ள இருக்கிறது எதுன்னும் தெரியும். ஆனா எத்தனை நாளாச்சு அந்தக் குரலைக் கேட்டு... பெத்த மனசு. அவரையும் அறியாம வாய் திறந்து, "இனியாம்மா"ன்னுட்டாரு.

காத்து கிழிஞ்சுது. ஒரே வீச்சு. நெஞ்சோட பிடிச்சிருந்த ஹெல்மெட் ரெண்டாப் பொளந்து தரையில உருளுது. மாமா படியில விழுந்து, எழுந்து, உருண்டு கீழ வந்து சேந்தாரு. அது அவர் கதவைத் திறந்துடக் கூடாதுன்னு தடுத்துச்சா... இல்ல, குருட்டுத்தனமா வெட்டுச்சா... எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அந்த ஹெல்மெட்டை நான் கையில எடுத்துப் பாத்திருக்கேன். வெட்டின இடம் வழவழன்னு இருக்கு.

கீழ்த்தளத்து வாய்ட் டெக்ல உக்காந்திருந்தப்ப ஃபோன் அடிச்சுது. அத்தை. பேச முடியாம அழறாங்க. "இனியா எழுந்துட்டா... உங்களைக் கூப்பிடறா... வாயைத் திறக்கிறா... சத்தமே வரலைங்க."

இன்னிக்கு வரைக்கும் வரல. ஸ்கேன் எடுத்தாச்சு, பெரிய டாக்டரைப் பாத்தாச்சு, வீரமாகாளியம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டாச்சு. ஒரு குறையும் இல்லங்கிறாங்க. பிள்ளை ஸ்கூலுக்குப் போகுது, வேணுங்கிறதை எழுதிக் காட்டுது. அழுதா கண்ணீர் மட்டும் வருது. அதைப் பாக்க முடியல, நான் கபிலன் வீட்டுக்குப் போறதையே குறைச்சிட்டேன்.

குடும்பத்தோட இப்ப யீஷுன்லதான் இருக்காங்க. பூன் லே வீடு பூட்டிக் கிடக்கு. மாமா மட்டும் வேலை முடிஞ்சு தினமும் அங்க போறாரு. காரிடாருக்குப் போறதில்ல, படிக்கட்டுல உக்காந்துக்குவாரு. உள்ளேருந்து அந்தக் குரல் பேசுமாம். டீச்சர் திட்டினது, ரப்பர் காணாமப் போனது... இனியா அந்தப் படத்துக்கிட்ட சொன்ன கதையெல்லாம். நடுநடுவுல, கதவைத் திறங்கப்பா. அது யார்னு மாமாவுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் போறாரு. மக குரலைக் கேக்க அந்த மனுஷனுக்கு வேற இடம் ஏது.

வாசல்ல அந்த சர்ர்ர் சத்தம் இருக்கிற வரைக்கும் அவர் கிட்டப் போக முடியாது, பயமில்லன்னு அத்தை தைரியமா இருந்தாங்க. போன வாரத்துலேருந்து அந்தச் சத்தம் கேக்கலையாம்.

மாமா அதைச் சொன்னதும் அத்தை பூன் லே வீட்டுச் சாவியை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சாங்க. இன்னிக்குச் சாயங்காலம் பாத்தா டப்பா திறந்து கிடக்கு, தரையெல்லாம் அரிசி. மாமா ஃபோன் எடுக்கல. கபிலன் உடனே பைக்கை எடுத்துக்கிட்டு பூன் லேக்குப் போனான். அதனாலதான் அவன் இங்க இல்ல.

நீங்க கரி பத்த வச்சிட்டிருந்தப்ப நான் தள்ளிப் போய் அவனுக்கு ஃபோன் பண்ணினேன். எடுத்தது கபிலன் இல்ல. ஒரு சின்னப் பொண்ணு, கணீர்னு குரல். நல்லா மூச்சு வாங்குது, ஓடி வந்த மாதிரி.

"அப்பா திறந்துட்டாங்க"ன்னுச்சு.